கடலோரப் புறம்போக்கில் பிறந்த ஆட்டம்

கோல்ஃப் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்முன் எழும் காட்சி யாது? உயர்ந்த மதிற்சுவர், வாயிலில் சீருடை அணிந்த காவலர், உள்ளே கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி, அதன்மீது வெண்தொப்பி அணிந்த செல்வர் சிலர், அவர்தம் மட்டைப் பையைச் சுமந்து பின்தொடரும் ஏழைச் சிறுவன் ஒருவன். உலகின் பெருநகரங்கள் பலவற்றுக்கு இக்காட்சி அப்படியே பொருந்தும். ஆனால், அந்த ஆட்டம் பிறந்து வளர்ந்த ஸ்காட்லாந்தின் கடற்கரையில் இக்காட்சியைத் தேடுவோர் பெரும்பாலான இடங்களில் ஏமாந்தே போவர். அங்கே ஆட்டக்களத்தின் குறுக்கே பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். நாயை அழைத்துக்கொண்டு முதியவர்கள் உலவுகிறார்கள். வாரத்தில் ஒருநாள், உலகின் தலைசிறந்த ஆட்டக்களம் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு ஊராருக்குப் பூங்காவாகி விடுகிறது.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையை ஒட்டி, கிளாஸ்கோ நகரில் மருத்துவராகப் பணியாற்றும் என் லாத்தாவின் மகன் வீட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மருமகனுக்கு அந்நாட்டு மண் ஒட்டியதோடு அந்நாட்டு ஆட்டமும் ஒட்டிக்கொண்டது. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆடிவிட வேண்டும் என்று அவர் குறித்து வைத்திருந்த திடல்கள் ஐந்து. "மாமா, பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். காரிலேயே போய் வரலாம். நான் ஆடுகிறேன், நீங்கள் ஊர் பாருங்கள்" என்றார். மருமகள், அவர்களுடைய ஏழு வயது மகள், மருமகன், நான் என நால்வரும் புறப்பட்டோம். நான் மட்டையைத் தொட்டறியாதவன்; மதரஸாவில் பாடம் நடத்துபவன்; கல்லூரியில் வரலாறு பயின்றவன். ஆகவே, பந்து எங்கே விழுந்தது என்பதைக் காட்டிலும், அது விழுந்த நிலம் யாருடையது என்பதைக் கேட்டறிவதிலேயே என் நாட்டம் சென்றது.

லிங்க்ஸ் என்னும் நிலம்

பழைய திடல்களை அந்நாட்டார் 'லிங்க்ஸ்' என்று அழைக்கின்றனர். கடற்கரை மணலுக்கும் உழுநிலத்துக்கும் இடைப்பட்ட மேடுபள்ளமான மணற்பரப்புக்கே அப்பெயர். பனியூழிக்குப் பின்னர்க் கடல் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற மணலைக் காற்று குவித்து உண்டாக்கிய நிலம் அது. அதில் பயிர் விளையாது, ஏர் ஓடாது. ஆதலால் அதனை எவரும் தமக்கென வளைத்துக்கொள்ளவில்லை. ஊர் ஆடுகள் அங்கே மேய்ந்தன. முயல்கள் வளை தோண்டின. மீனவப் பெண்கள் துணி உலர்த்தினர். நம் வருவாய்த்துறைக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதுவார்களே, அதற்கு ஒப்பான நிலம் என்று கொள்ளலாம்.

கடற்காற்றும் மெலிந்த மண்ணும் சேர்ந்து அங்கே குட்டையான, அடர்ந்த, மெல்லிய புல்லை வளர்த்தன. ஆடும் முயலும் அதனைக் கத்தரித்து வைத்தன. காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களில் புல் தேய்ந்து மணல் வெளிப்பட்டது; அவையே இன்று 'பங்கர்' எனப்படும் மணற்குழிகளுக்கு மூலம் என்பர். இவ்வாறு இயற்கையும் கால்நடையும் சேர்ந்து அமைத்துக் கொடுத்த களத்தில் ஊர்மக்கள் கோலெடுத்துப் பந்தடித்தனர். அம்மோகம் எந்த அளவுக்குப் போயிற்று என்றால், மக்கள் வில்வித்தை பழகாமல் இதிலேயே காலம் கழிக்கின்றனர் என்று கருதி, 1457ஆம் ஆண்டு இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஆட்சியில் கால்பந்தோடு சேர்த்து கோல்ஃபுக்கும் தடை விதிக்கப்பட்டது. தடை விதித்த சட்டமே இந்த ஆட்டத்தின் பழைமைக்கு இன்று முதற் சான்றாக நிற்கிறது.

பிரெஸ்ட்விக்: முதற் போட்டி நடந்த இடம்

எங்கள் முதல் நிறுத்தம் கிளாஸ்கோவுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரெஸ்ட்விக். புகைவண்டி நிலையத்தை ஒட்டியே திடல். முதல் குழிக்கான ஆட்டம் நெடுக, வலப்புறத்தில் ஒரு கற்சுவரும் அதற்கப்பால் இருப்புப்பாதையும் உடன் வருகின்றன. சற்றே தவறி அடித்தால் பந்து தண்டவாளத்துக்குப் போய்விடும்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இங்கேதான் 'ஓப்பன்' எனப்படும் போட்டி முதன்முதலாக நடந்தது. ஆடியவர்கள் எட்டே பேர். அப்போது திடலில் 12 குழிகளே இருந்தன. ஒரே நாளில் மும்முறை சுற்றி வந்தனர். 174 அடிகளில் முடித்த வில்லி பார்க் வென்றார். பரிசு பணமன்று, சிவந்த தோலாலான ஓர் இடைக்கச்சை. இன்று பல இலட்சம் டாலர் பரிசளிக்கும் போட்டியின் தொடக்கம் அவ்வளவு எளியது.

அன்று இரண்டாம் இடம் பெற்றவர் டாம் மோரிஸ். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு நெசவாளியின் மகனாக 1821இல் பிறந்தவர். அவருடைய வாழ்வில் நம் கீழ்த்திசைக்கும் ஒரு தொடர்புண்டு. அக்காலத்துப் பந்து, தோலுறைக்குள் ஒரு தொப்பி நிறைந்த இறகுகளைத் திணித்துத் தைத்தது. கைதேர்ந்த தொழிலாளியும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது. ஆகவே விலை அதிகம். மழையில் நனைந்தால் பந்து பாழ். 1848 வாக்கில் 'கட்டாபெர்ச்சா' என்னும் மரப்பாலில் செய்த பந்து வந்தது. நம் முன்னோர் கப்பலேறி வணிகம் செய்யச் சென்றார்களே, அந்த மலாயாக் காடுகளின் மரம் அது. அதன் பெயரும் மலாய்ச் சொல்லே. புதுப் பந்தின் விலை குறைவு. உடைந்தாலும் உருக்கி மீண்டும் வார்க்கலாம். இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சன் என்னும் ஆசானுக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் பணியாற்றிய டாம், புதுப் பந்தைக் கொண்டு ஆடியதால் இருவருக்கும் பிணக்கு உண்டாயிற்று. டாம் ஊரைவிட்டு 1851இல் பிரெஸ்ட்விக் வந்து சேர்ந்தது அதன் பின்னரே. மலாயா மரத்தின் பால்தான் எளியோர் கையிலும் பந்தைக் கொண்டு சேர்த்தது.

மஸல்பரோவில் மீனவப் பெண்கள்

மறுநாள் கிழக்கே எடின்பரோ வழியாக மஸல்பரோ சென்றோம். மருமகனின் பட்டியலில் இவ்வூர் இல்லை. என் வேண்டுகோளுக்காக வண்டியைத் திருப்பினார். குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஒன்பது குழிகளோடு கிடக்கும் இக்களத்தில் 1672இலேயே ஆட்டம் நடந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. குழி வெட்ட இங்கே 1829இல் செய்த கருவியின் அகலம் 4.25 அங்குலம். பின்னாளில் அதுவே உலகெங்கும் குழியின் அளவாக விதிக்கப்பட்டது.

நம் சகோதரிகள் விரும்பிக் கேட்கத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. 1811ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் இவ்வூர் மீனவப் பெண்களுக்கென ஒரு கோல்ஃப் போட்டி நடத்தினர். கூடை நிறைய மீனை முதுகில் சுமந்து எடின்பரோ தெருக்களில் விற்றுவந்த உழைப்பாளிப் பெண்கள் அவர்கள். வென்றவருக்குப் பரிசு புதிய மீன்கூடை. அடுத்தவர்களுக்குப் பட்டுக் கைக்குட்டைகள். உலகில் பெண்கள் ஆடிய கோல்ஃப் போட்டிகளுள் பதிவாகியுள்ள முற்காலத்துப் போட்டி இதுவே என்பர்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் மியூர்ஃபீல்ட் இருக்கிறது. எழுதப்பட்ட முதல் விதிகளை 1744இல் வகுத்த எடின்பரோக் கழகத்தாருக்கு உரியது அது. முதலில் லீத் என்னுமிடத்துப் பொதுவெளியில் ஆடினார்கள். பின்னர் மஸல்பரோவுக்கு வந்தார்கள். அங்கும் கூட்டம் மிகவே, 1891இல் தமக்கெனத் தனியிடம் அமைத்துக்கொண்டு மியூர்ஃபீல்டுக்கு அகன்றார்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது பற்றி 2016இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் வேண்டிய பெரும்பான்மை கிட்டவில்லை. ஓப்பன் போட்டி நடத்தும் தகுதி அத்திடலிடமிருந்து பறிக்கப்பட்டது. 2017இல் மறு வாக்கெடுப்பு நடந்து கதவு திறந்தது. 2022இல் பெண்களுக்கான ஓப்பன் போட்டியே அங்கு நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் வென்றார். மீன்கூடைப் பரிசு வழங்கிய பொதுத் திடலுக்கும் இத்தனியார் திடலுக்கும் இடையே காரில் அரைமணி நேரத் தொலைவுதான். ஆனால் பெண்கள் அத்தொலைவைக் கடக்க இரு நூற்றாண்டு ஆயிற்று.

நார்த் பெரிக்: தந்தி வந்த திடல்

வெள்ளிக்கிழமை எடின்பரோ மத்தியப் பள்ளிவாசலில் ஜுமுஆ நிறைவேற்றிவிட்டு, மாலை நார்த் பெரிக் சேர்ந்தோம். கோடைக் காலத்தில் இரவு பத்து மணிக்கும் அங்கே வெளிச்சம் மிச்சமிருக்கும் ஆதலால், மாலையிலும் முழு ஆட்டம் ஆடலாம். இத்திடலின் குறுக்கே பழைய கற்சுவர்கள் ஓடுகின்றன. எவரும் அவற்றை இடிக்கவில்லை. பந்தைத்தான் சுவருக்கு மேலே தூக்கி அடிக்க வேண்டும். கடலில் பாஸ் ராக் என்னும் பாறைத்தீவு கடற்பறவைகளால் வெண்மை பூண்டு நிற்கிறது.

1875ஆம் ஆண்டு செப்டம்பரில் டாம் மோரிஸும் அவருடைய மகனும் இதே திடலில் ஒரு போட்டி ஆடினார்கள். மகன் பெயரும் டாம்தான். 1868, 1869, 1870 என மூன்று முறை தொடர்ந்து வென்று, விதிப்படி அந்த இடைக்கச்சையைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்டவர். 1871இல் பரிசுப் பொருள் இல்லாமையால் போட்டியே நடக்கவில்லை. 1872இல் மீண்டும் நடந்தபோதும் அவரே வென்றார். நார்த் பெரிக்கில் ஆட்டம் முடியும் வேளையில் ஒரு தந்தி வந்தது: பிரசவ வேதனையில் மனைவி ஆபத்தான நிலையில் இருக்கிறார். புகைவண்டியில் சுற்றிச் செல்ல நேரமாகும் என்பதால், ஒருவர் கொடுத்துதவிய படகில் ஃபோர்த் முகத்துவாரத்தைக் கடந்து விரைந்தனர். ஆனால் அவர்கள் வீடு சேர்வதற்குள் தாயும் சேயும் இறந்துவிட்டிருந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இளைய டாமும் மறைந்தார். வயது 24. தந்தையோ மனைவியையும் மக்கள் அனைவரையும் அடக்கம் செய்துவிட்டு, 1908வரை வாழ்ந்தார்.

இதனை மருமகன் சொல்லக் கேட்ட மருமகள், மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். அன்றிரவு உணவு வேளையில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

முயல் வழக்கும் ஊர் உரிமையும்

சனிக்கிழமை வடக்கு நோக்கிப் பயணம். 2017இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியாக ஃபோர்த் முகத்துவாரத்தைக் கடந்தோம். பக்கத்தில் 1890இல் கட்டிய செந்நிற இரயில் பாலம் மூன்று மலைகளைப் போல் நிற்கிறது. அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ்.

அவ்வூர் 'பழைய திடல்' உலகக் கோல்ஃபர்களின் கனவு. பதினெட்டுக் குழிகள் என்னும் இன்றைய வழக்கம் இங்கே 1764இல் ஏற்பட்ட மாற்றத்தின் விளைவே. அதற்குமுன் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடினர். நாங்கள் சென்ற 2024இல் 112 மணற்குழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'நரகம்'. கடைசிக் குழிக்குச் செல்லும் வழியில், மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிச் செல்ல முற்காலத்தில் கட்டிய சிறு கற்பாலம் ஒன்று இருக்கிறது. உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆட்டுப்பாதைப் பாலத்தின்மீது நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்நிலம் ஊராருக்கு நிலைத்த வரலாறுதான் என்னை இரவு நெடுநேரம் விழித்திருக்கச் செய்தது. 1552ஆம் ஆண்டு பேராயர் ஜான் ஹாமில்டன், மணற்பரப்பில் முயல் வளர்க்கும் உரிமையைப் பெற்றார். ஆனால் அந்த ஆவணத்திலேயே, அங்கே கோல்ஃபும் கால்பந்தும் பிற விளையாட்டுகளும் ஆடவும், கால்நடை மேய்க்கவும் ஊர்மக்களுக்குள்ள உரிமை நிலைத்திருக்கும் என்று எழுதப்பட்டது. இரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தது. நகராட்சி கடனில் மூழ்கிற்று. 1797இல் மன்றத்தார் அந்நிலத்தை விற்றுவிட்டனர். விரைவில் அது முயல் வணிகர் இருவர் கைக்குப் போயிற்று. இறைச்சிக்கும் தோலுக்குமாக அவர்கள் ஆயிரக்கணக்கில் முயல்களை விட்டனர். களமெங்கும் வளைகள். பந்து விழுந்தால் வளைக்குள். நடப்போர் காலும் வளைக்குள்.

ஊரார் வாளாவிருக்கவில்லை. பழைய ஆவணத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறினர். நிலத்தை விற்கலாம், நிலத்தின்மேல் எங்களுக்குள்ள உரிமையை விற்க மன்றத்துக்கு அதிகாரமில்லை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 1805இல் வந்த தீர்ப்பு, களத்திலுள்ள முயல்களைக் கொல்ல ஊராருக்கு உரிமை தந்தது. பிறகென்ன? வணிகர் முயல் விடுவதும், மக்கள் கொல்வதுமாகக் கைகலப்புவரை சென்ற 'முயல் போர்' 20 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் அண்டை நிலக்கிழார் அந்நிலத்தை விலைக்கு வாங்கி, முயல்களை வெளியேற்றிக் களத்தைக் காத்தார். 1894இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது நகரத்துக்கே திரும்பிற்று. 1974இல் இயற்றிய மற்றொரு சட்டத்தின்படி ஒரு அறக்கட்டளை அமைந்து, இன்று ஏழு திடல்களை நிருவகித்து வருகிறது. வாயிலருகே பெருங்கட்டடத்தில் இயங்கும் புகழ்பெற்ற 'ராயல் அண்ட் ஏன்ஷன்ட்' கழகம்கூட அந்நிலத்தின் உரிமையாளர் அன்று. அதுவும் அங்கே ஆடும் கழகங்களுள் ஒன்றே. அக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது 2014 செப்டம்பர் 18ஆம் நாள். ஸ்காட்லாந்து தனிநாடாவதா என்று மக்கள் வாக்களித்த நாளும் அதுவேதான்.

பழைய திடலில் ஆட வெளியூரார் கோடையில் 300 பவுண்டுக்கும் மேல் கட்ட வேண்டும். ஊரில் வசிப்போருக்கோ ஆண்டு முழுவதற்கும் சலுகைச் சீட்டு. வெளியூராரிடமும் பணமிருந்தால் போதும் என்பதில்லை. முன்னதாகவே இடம் பெறாதவர்கள் இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்துக் குலுக்கலில் வர வேண்டும். கோடீசுவரர் பெயரும் பள்ளி ஆசிரியர் பெயரும் ஒரே குடத்தில் விழுகின்றன. மருமகனும் அவருடன் பணியாற்றும் நண்பர் ஒருவரும் பெயர் கொடுத்தனர். திங்கட்கிழமைக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது மருமகன் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை, அவர் மருத்துவப் படிப்பில் தேறிய நாளில்கூட நான் கண்டதில்லை.

நிலத்துக்கு ஓய்வு நாள்

இடையே ஞாயிற்றுக்கிழமை. அன்று பழைய திடலில் ஆட்டமில்லை. பெரும் போட்டி நடக்கும் சில ஞாயிறுகள் மட்டும் விலக்கு. நாற்பது ஆண்டுக்காலம் அக்களத்தைப் பராமரித்த டாம் மோரிஸ், ஆடுவோருக்கு ஓய்வு வேண்டாமெனினும் புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்று கருதியவர் என ஊரார் சொல்கின்றனர்.

நாங்கள் காலையில் சென்றபோது களம் முழுவதும் மக்கள். குழந்தை வண்டிகளைத் தள்ளியபடி தாய்மார்; கைகோத்து நடக்கும் முதியோர்; பல்கலைக்கழக மாணவர். முக்காடிட்ட மருமகளை எவரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. எங்கள் சிறுமி கடைசிக் குழியை நோக்கி ஓடினாள். மழித்த புல்தரையில் மட்டும் மிதிக்கலாகாது என்று ஒரு முதியவர் அன்போடு கைகாட்டினார். அவரும் காவலர் அல்லர், காலை உலாவுக்கு வந்தவர். "இவ்வளவு பெரிய இடத்துக்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லையே, அப்பா?" என்று வியந்தாள் சிறுமி. "இது ஊருக்குச் சொந்தமான இடம்" என்றார் மருமகன். "நமக்குமா?" என்றாள். அவர் சற்றுத் தயங்கி, "இன்று நமக்கும்தான்" என்றார்.

திடலை ஒட்டி மேடும் பள்ளமுமான ஒரு புல்தரை இருக்கிறது. பெயர் 'இமாலயம்'. தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது பெண்களுக்கு அழகன்று என்று கருதிய அக்காலத்தில், மெல்ல உருட்டி மட்டுமே ஆடுவதற்கென 1867இல் அமைந்த பெண்கள் கழகத்துக்குரியது. இன்று சில பவுண்டு கொடுத்து எவரும் ஆடலாம். அங்கே மருமகளும் சிறுமியும் ஆட, என்னையும் விடவில்லை. ஏழு வயதுப் பேத்தி என்னை எளிதாக வென்றாள்.

திங்கட்கிழமை மருமகன் ஆடியபோது கூடவே நடந்தேன். இந்த ஆட்டத்தில் ஒரு சிறப்புண்டு. நடுவர் பின்தொடர்வதில்லை. தன் அடிகளைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும். விதி மீறல் நேர்ந்தால் தானே தண்டனை ஏற்க வேண்டும். 1925இல் அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ், வேறெவரும் காணாத ஓர் அசைவுக்காகத் தம்மீது தாமே ஓரடி கூட்டிக்கொண்டார். முடிவில் அவரும் மற்றொருவரும் சமநிலை எய்தி, மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். அந்த ஜோன்ஸுக்கு 1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் தன் குடியுரிமையை வழங்கியது. அதற்குமுன் அம்மரியாதை பெற்ற அமெரிக்கர் 1759இல் வந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அக்குடியுரிமையோடு சேர்ந்து வந்த சலுகைகள் யாவை தெரியுமா? களத்தில் முயல் பிடிக்கலாம். புல்தரையில் துணி உலர்த்தலாம்! கேட்டோர் சிரித்திருப்பர். ஆயினும் அந்த முயலுக்காக வழக்காடியவர்களின் பேரப்பிள்ளைகள் கொடுத்த உரிமை அது.

மாலையில் பேராலயத்தின் இடிபாடுகளிடையே உள்ள அடக்கத்தலத்துக்குச் சென்றோம். இளைய டாமின் நினைவுக்கல் அங்கிருக்கிறது. அறுபது கோல்ஃப் கழகங்கள் சேர்ந்து அமைத்தது. தந்தையும் அருகிலேயே அடங்கியிருக்கிறார்.

கார்னூஸ்டியிலிருந்து வடகோடிக்கு

டே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் டண்டி, அதற்கப்பால் கார்னூஸ்டி. இதுவும் ஒரு கழகத்தின் தனிச்சொத்தன்று. ஊராரும் பல கழகத்தாரும் ஆடும் பொதுத்திடலே. கடினமான திடல் என்று பெயர் பெற்றது. பாரி என்னும் ஓடை வளைந்து வளைந்து வழிமறிக்கிறது. 1999ஆம் ஆண்டு ஓப்பனில் பிரான்ஸ் நாட்டு வான் டி வெல்ட், மூன்றடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தவர், பந்து ஓடையில் விழ, காலணியைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கி நின்றார். ஏழடியில் முடித்து, பின்னர் நடந்த தீர்வாட்டத்தில் தோற்றார். பத்தடி பின்தங்கி அன்றைய நாளைத் தொடங்கிய பால் லாரி வென்றார். எங்கள் மருமகனும் அதே ஓடைக்கு இரண்டு பந்துகளைக் காணிக்கையாக்கினார்.

அங்கிருந்து டார்னக் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மலைநாட்டை ஊடறுத்துச் செல்லும் சாலையில், டிரமாக்டர் கணவாயருகே வண்டியை ஓரங்கட்டி, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். சுற்றிலும் மரமில்லா மலைகள். காற்றின் ஓசை ஒன்றே. உணவைப் பொறுத்தவரை, வழிநெடுக மீன் கிடைக்கிறது. ஆயினும் சில கடைகள் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதால், எண்ணெயைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும். ஜூன் மாதத்திலும் குளிராடையும் மழையாடையும் இல்லாமல் புறப்படலாகாது.

டார்னக் திடலில் 1616இலேயே ஆட்டம் இருந்தது. நாங்கள் சென்ற வேளையிலும் மேட்டுச் சரிவுகளில் மஞ்சள் பூத்த முட்புதர்கள் சில எஞ்சியிருந்தன. 1872இல் இங்கே பிறந்த டொனால்ட் ராஸ் என்னும் தச்சுத்தொழில் அறிந்த இளைஞர், 1899இல் அமெரிக்கா சென்று, தம் ஊரின் மேடுபள்ளங்களை நினைவிலிருந்தே வரைந்தாரோ என எண்ணும்படி, அங்கே நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்தார். ஐந்தாவது திடலையும் ஆடி முடித்து மருமகன் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் சற்று வடக்கே கால்ஸ்பி என்னும் சிற்றூர்வரை சென்றோம். அங்கே ஒரு குன்றின் உச்சியில் வானளாவிய சிலை. சதர்லாந்தின் முதல் கோமகனாருடையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்குடும்பத்தின் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடியானவர்களை வெளியேற்றிவிட்டு, ஆட்டுப் பண்ணைகளை அமைத்தனர். வீடுகளின் கூரைகள் எரிந்தன. மக்கள் கடற்கரைக்குத் துரத்தப்பட்டனர். பலர் கடல்கடந்து கனடா சென்றனர். அந்த உழவர்களிடம் உழைப்பு இருந்தது, பழக்க உரிமை இருந்தது. ஏட்டில் எழுதிய உரிமை இல்லை. உழவு நிகழ்ந்த நல்ல நிலம் கைவிட்டுப் போயிற்று. எதற்கும் உதவாத மணல்மேடோ, ஓர் ஆவணமும் அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறிய நாலு பேரும் இருந்தமையால், நானூற்றெழுபது ஆண்டுகளாக ஊராரின் பயன்பாட்டிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்து மக்கள் இப்படிப்பினையைப் பிந்தியேனும் சட்டமாக்கினர். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஆட்டத்துக்கு இடையூறின்றி, மழித்த புல்தரையை மிதிக்காமல், தனியார் கோல்ஃப் திடலையும் எவரும் கால்நடையாகக் கடந்து செல்லலாம்.

வாசக நேயர்களே! 'இது இன்னாருக்கு மட்டுமன்று, எல்லாருக்கும்' என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போவதன் பொருளை வக்ஃபு என்னும் சொல்லோடு வளர்ந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எழுதி வைத்தவர் கடமை அத்தோடு முடிந்தது. ஏட்டைப் பாதுகாப்பதும், எல்லைக் கல்லைப் பார்த்து வருவதும், மன்றமே விற்கத் துணிந்தாலும் எழுந்து நின்று கேட்பதும் பின்வரும் தலைமுறையின் பொறுப்பு. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார் முயல் வளைக்காக நீதிமன்றம் ஏறியபோது அவர்களைப் பார்த்துச் சிரித்தோர் இருந்திருப்பர். நம் ஊர்களிலும் மந்தைவெளி, ஊருணி, கபுருஸ்தான், பிள்ளைகள் பந்தாடும் திடல் என்று எத்தனையோ பொது நிலங்கள் இருக்கின்றன. அவற்றின் சர்வே எண் என்ன, எல்லை எதுவரை என்று நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த விடுமுறையில் அவர்களை ஒருநாள் மாலை அழைத்துச் சென்று, அந்நிலத்தைச் சுற்றி நடந்து காட்டுங்கள். யார் எழுதி வைத்தது, எதற்காக எழுதி வைத்தது என்பதையும் நடந்தபடியே சொல்லிக்கொடுங்கள்.